அயல் வேரில் தழைத்த முந்திரிகை

புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அகழ்வாராய்ச்சி நடத்தியபோது, மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் வனையப்பெற்ற சாடிகளின் உடைந்த துண்டுகள் பல வெளிப்பட்டன. இருபுறமும் கைப்பிடி பொருந்தி, அடி குவிந்து அமைந்த அச்சாடிகள் முந்திரிகை மதுவைக் கப்பலேற்றுதற்குப் பயன்பட்டவை. யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். தமிழ்ப் புலவர் கூறியதற்குத் தமிழ் மண்ணே சான்று தந்தது எனலாம்.

அந்நாளிற் கடல் கடந்து தமிழகம் வந்தது சாடியில் அடைத்த மது. மிகப் பிற்பட்ட காலத்தில், மதுவை ஈனும் கொடிகளே கண்டம் விட்டுக் கண்டம் கப்பலேறின. அவ்வாறு சென்ற கொடிகளாற் சில நாடுகளிற் புதிய தொழில் பிறந்தது. வேறு சில நாடுகளிற் பழந்தொழில் வேரோடு அழியும் நிலை வந்தது. இன்று உலகில் வழங்கும் வைன் வகைகளின் பெயர்களையும் சுவைகளையும் அறிய விரும்புவோர், முந்திரிகையின் வேருக்கு நேர்ந்த அப்பெருந் துன்பத்தையும் அறிதல் வேண்டும்.

திராட்சை என்றும் கொடிமுந்திரி என்றும் வழங்கும் முந்திரிகையில் இனங்கள் பல உண்டு. அவற்றுள் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் தொன்றுதொட்டு மதுவுக்கெனப் பயிரிடப்பட்டது 'விற்றிஸ் வினிபெரா' என்னும் ஓர் இனமே. ஆயினும் அந்த ஓரினத்துள்ளே ஆயிரக்கணக்கான வகைகள் அடங்கும். கறுத்தக்கொழும்பானும் வெள்ளைக்கொழும்பானும் அம்பலவியும் மாமரம் என்ற ஓரினத்தினவேயாயினும், உண்பார் நாவுக்கு அவை வெவ்வேறாதல் போல இதனையுங் கொள்க.

பழத்தைப் பிழிந்து வைத்தால், மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை மதுசாரமாக மாற்றுகின்றது. இது எங்கும் பொதுவான செயல். வேறுபாட்டைத் தருவன பழத்தின் வகையும் நிலத்தின் இயல்புமாம். கரும்பழங்களிற் பெரும்பாலானவற்றின் சாறு நிறமற்றது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதனாலேயே செந்நிறம் ஏறுகின்றது. வெயில் மிகுந்த நாட்டுப் பழத்திற் சர்க்கரை மிகும். குளிர்ந்த நாட்டுப் பழத்திற் புளிப்பு மிகும்.

பிரான்சு தேசத்தின் பேர்கண்டி மாகாணத்துச் செவ்வைன் 'பினோ நுவார்' என்னும் ஒரே வகைப் பழத்தால் ஆவது. மென்தோலுடைய அப்பழம் வெம்மையையும் தாங்காது, கடுங்குளிரையும் தாங்காது. மேற்குக் கரையிலுள்ள போர்டோ பிரதேசத்தார் 'கபர்னே சோவின்யோன்', 'மெர்லோ' முதலிய வகைகளைக் கலந்து வைன் செய்வர். ஒன்று பிந்திப் பழுப்பதும் மற்றொன்று முந்திப் பழுப்பதுமாகையால், மழை ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது கைகொடுக்கும். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரைச் சரிவுகளிற் பலகைக்கல் பரந்த நிலத்தில் 'றீஸ்லிங்' வளர்கின்றது; பகலில் வெயிலை உண்ட அக்கற்கள் இரவிலே கொடிக்கு வெப்பம் ஊட்டுகின்றன. ஸ்பெயினின் தெற்கிலுள்ள ஹெரெஸ் பகுதியில் வெண்சுண்ணாம்பு மண்ணில் விளையும் 'பலோமினோ' என்னும் பழமே 'ஷெரி' என்னும் மதுவுக்கு மூலம். ஹங்கேரியின் தொக்காய் என்ற இடத்திற் 'பூர்மின்ற்' என்னும் பழத்தின்மீது ஒருவகைப் பூஞ்சணம் படிந்து நீரை வற்றச் செய்ய, எஞ்சிய சர்க்கரைச் செறிவால் தேன்போன்ற மது கிடைக்கின்றது.

இவ்வகைகளை அவற்றின் பண்பு கெடாமல் வழிவழி காத்து வந்த முறை யாது? விதையை நட்டால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வருவதில்லை. ஆகவே, நல்ல கொடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி நட்டும் பதியம் வைத்துமே கமக்காரர் கொடிகளைப் பெருக்கினர். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பினோ நுவார்க் கொடியே, துண்டு துண்டாகப் பிரிந்து, இன்றும் உயிர்வாழ்கின்றது எனலாம். சுவையைக் காத்தற்கு இது சிறந்த வழி. ஆனால் அதிலே ஓர் இடரும் மறைந்திருந்தது. புதிய பகையொன்று வருமாயின், அதனை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கொடிக்கு இல்லையெனின், அதன் துண்டிற் பிறந்த எந்தக் கொடிக்கும் இல்லை.

அத்தகைய பகை வட அமெரிக்காவிலிருந்து வந்தது. 1850ஆம் ஆண்டுகளில் இலைகளையும் பழங்களையும் சாம்பல் பூத்தாற்போல மூடும் பூஞ்சண நோயொன்று ஐரோப்பியத் தோட்டங்களை வாட்டியது. அதற்குக் கந்தகத் தூள் மருந்தாயிற்று. எனினும், அந்நோயை எளிதில் தாங்கும் அமெரிக்கக் கொடிகளை வளர்த்துப் பார்க்கும் ஆவலும் பலருக்கு எழுந்தது. நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலம் அது. பாய்க்கப்பலின் நெடும் பயணத்தில் இறந்துபோகக்கூடிய சிற்றுயிர்கள், விரைந்த பயணத்தில் உயிரோடு கரை சேர்ந்தன. வேரோடு வந்த கொடிகளுடன், அழுக்கணவன் பூச்சிக்கு உறவான, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு மஞ்சட் பூச்சியும் வந்திறங்கிற்று.

1863ஆம் ஆண்டளவில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹமர்ஸ்மித் என்னுமிடத்துக் கண்ணாடி வீடொன்றில் அப்பூச்சி காணப்பட்டது. அதே காலத்தில் தெற்குப் பிரான்சில் றோன் நதியின் கீழ்ப்பகுதியிற் கொடிகள் காரணம் தோன்றாமல் வாடத் தொடங்கின. நடுவேனிலில் இலை மஞ்சளாகும், பின்னர் சிவக்கும், உதிரும். அடுத்த ஆண்டு தளிர் குறுகும். மூன்றாம் ஆண்டிற் கொடி பட்டுப்போகும். தோட்டத்தின் ஒரு மூலையில் தோன்றிய வாட்டம், நீரில் விழுந்த எண்ணெய்த்துளி போல ஆண்டுதோறும் பரந்தது. பட்ட கொடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால், அது கறுத்து அழுகியிருந்ததேயன்றி, அங்கே பூச்சி எதுவும் காணப்படவில்லை.

மொன்பெலியே நகரின் தாவரவியற் பேராசிரியர் ஜூல் எமில் பிளான்ஷோனும், காஸ்தோன் பசீல், பெலிக்ஸ் சாயூ என்னும் இருவரும், விவசாயச் சங்கத்தாரின் வேண்டுகோளின்படி 1868 யூலை 15ஆம் நாள் நோயுற்ற தோட்டங்களைப் பார்வையிட்டனர். பட்ட கொடிகளை மட்டும் ஆராயாமல், பார்வைக்கு நலமாகத் தோன்றிய அயற்கொடிகளையும் பிடுங்கிப் பார்த்தமையே அவர்களின் சிறப்பு. உருப்பெருக்குங் கண்ணாடியின் கீழ் அவற்றின் வேர்களில் மஞ்சட் பூச்சிகள் கூட்டங் கூட்டமாக மொய்த்திருந்தன. உயிருள்ள வேரின் சாற்றை உண்டு, வேர் இறக்கும் தறுவாயில் அடுத்த கொடிக்கு அவை குடிபெயர்ந்து விடுகின்றன. பட்ட கொடியில் அவை காணப்படாமைக்குக் காரணம் இதுவே. 'பிலொக்சீரா' என்னும் பேரினத்துட் சேர்த்து, 'பாழ்செய்வது' என்னும் பொருள்படும் அடைமொழியையும் அப்பூச்சிக்குப் பிளான்ஷோன் சூட்டினார்.

நோயின் காரணம் இதுவே என்பதை அறிஞர் எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கொடி முன்பே நலிவுற்றது, நலிந்த கொடியிற் பூச்சி பின்னர் வந்து சேர்ந்தது என்று பாரிசிலிருந்த சிலர் வாதிட்டனர். இவ்வழக்கைத் தீர்க்க உதவியவர், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திற் பூச்சியியல் அலுவலராயிருந்த சார்ள்ஸ் வலன்ரைன் றைலி என்பவர். அமெரிக்கக் கொடிகளின் இலைகளிற் கொப்புளம் போல வீக்கம் உண்டாக்கும் பூச்சியும், பிரான்சில் வேரைக் கெடுக்கும் பூச்சியும் ஒன்றே என அவர் நிறுவினார். 1873இல் பிளான்ஷோன் அமெரிக்காவுக்குச் சென்று நேரிற் கண்டு தெளிந்தார். அந்நாட்டுக் காட்டு முந்திரிகைகளின் வேர்களிலும் அப்பூச்சி வாழ்ந்தது. ஆயினும் அவை சாகவில்லை. நெடுங்காலம் பூச்சியோடு கூடி வாழ்ந்தமையால், கடியுண்ட இடத்தை மூடி ஆற்றிக்கொள்ளும் திறனை அவ்வேர்கள் பெற்றிருந்தன. ஐரோப்பியக் கொடியின் வேருக்கு அப்பயிற்சி இல்லை.

இதற்கிடையிற் கமக்காரரின் துன்பம் சொல்லுந்தரமன்று. 1875இல் பிரான்சின் வைன் விளைவு 8 கோடி ஹெக்டோலீற்றரைத் தாண்டியிருந்தது. ஒரு ஹெக்டோலீற்றர் நூறு லீற்றராகும். 1889இல் அது ஏறக்குறைய 2 கோடி 30 லட்சமாகச் சுருங்கிற்று. முந்திரிகையைத் தவிர வேறு பயிர் அறியாத கிராமங்கள் வெறுமையுற்றன. குடும்பங்கள் பல அல்ஜீரியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தன. நோயைத் தீர்ப்பவருக்கு 3 லட்சம் பிராங்கு பரிசளிப்பதாகப் பிரெஞ்சு அரசாங்கம் 1874இல் அறிவித்தது. நூற்றுக்கணக்கான யோசனைகள் வந்து குவிந்தன. அவற்றிற் பல நகைப்புக்கிடமானவை. அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை.

பயன் தந்த முறைகள் மிகச் சில. குளிர்காலத்தில் தோட்டத்தைப் பல வாரங்கள் வெள்ளத்தில் அமிழ்த்தி வைத்தாற் பூச்சிகள் இறந்தன. ஆனால் மலைச்சரிவில் உள்ளவன் வெள்ளத்துக்கு எங்கே போவான்? கடற்கரை மணலில் நட்ட கொடிகளைப் பூச்சி அணுகவில்லை. எல்லாருக்கும் மணல் நிலம் இல்லை. காபனிருசல்பைட்டு என்னும் தீப்பற்றத்தக்க நச்சுத் திரவத்தை ஊசி போன்ற கருவியால் நிலத்துட் செலுத்தலாம். அதனை ஆண்டுதோறும் செய்தற்குச் செல்வம் வேண்டும். செல்வர் தோட்டம் மருந்தால் தாங்கி நின்றது. ஏழையின் தோட்டம் விறகாயிற்று.

எஞ்சிய வழி ஒன்றே. பூச்சியைக் கொணர்ந்த அமெரிக்கக் கொடியே அதற்கு மாற்றும் ஆகவேண்டியிருந்தது. அமெரிக்கக் கொடியை அப்படியே நட்டாற் கொடி பிழைக்கும். ஆனால் அதன் பழத்தில் ஐரோப்பியர் விரும்பாத ஒருவகை மணம் உண்டு. ஆகவே, வேருள்ள அடிக்கட்டை அமெரிக்கக் கொடியாகவும், அதன்மீது ஒட்டிய கிளை பினோவாகவோ கபர்னேயாகவோ இருக்குமாறு செய்ய முயன்றனர். ஒட்டுமாங்கன்று நட்டுப் பழகிய நம் நாட்டவருக்கு இது வியப்பன்று. காட்டுமாவின் வேரில் நின்றாலும் மேற்கிளை கறுத்தக்கொழும்பானாயிற் பழமும் கறுத்தக்கொழும்பானே.

ஆயினும் பிரான்சிலே இதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது. பகையோடு வந்த அயல்நாட்டுச் செடியை மீண்டும் நிலத்துள் விடுவதா என்றனர் சிலர். பழம்பெருமை வாய்ந்த வைனின் சுவை கெட்டுவிடும் என்றனர் வேறு சிலர். பேர்கண்டியில் அமெரிக்கக் கொடிகளை நடுதற்கு 1887 வரை தடை இருந்தது. மருந்தை நம்பியோரும் ஒட்டை நம்பியோருமாக நாடே இரு கட்சியாயிற்று. இறுதியில், பட்டுப்போன தோட்டங்களுக்கு அயலில் ஒட்டுக்கொடிகள் காய்த்துக் குலுங்கிய காட்சியே அவ்வழக்கைத் தீர்த்தது.

அப்போதும் ஒரு முட்டுப்பாடு எஞ்சியது. முதலிற் கொண்டுவந்த அமெரிக்க வேர்கள் சுண்ணாம்பு மண்ணில் இலை வெளிறி நலிந்தன. 'கொஞாக்' எனப் புகழ்பெற்ற பிராந்தி வடிக்கும் ஷராந்து பகுதியோ முற்றும் சுண்ணாம்பு நிலம். ஆகவே 1887இல் பியேர் வியாலா என்னும் அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். ரெக்சாஸ் மாநிலத்திற் காட்டுக் கொடிகளை ஆராய்ந்து வந்த தோமஸ் வொல்னி மன்சன் என்பவர், அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் இயல்பாக வளரும் கொடியினங்களை அவருக்குக் காட்டினார். 'பெர்லந்தியேரி' என்னும் அவ்வினத்தைப் பிற இனங்களோடு கலந்து உண்டாக்கிய வேர்களே சுண்ணாம்பு நிலத்தாரை வாழவைத்தன. மன்சனுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 1888இல் விருதளித்துச் சிறப்பித்தது.

இன்று உலகிலுள்ள முந்திரிகைத் தோட்டங்களிற் பெரும்பாலானவை ஒட்டுக்கொடிகளே. பிரான்சின் பெருமையென விலைகூறப்படும் வைன்களும், ஒரு சிலவற்றைத் தவிர, அமெரிக்க வேர் உறிஞ்சிய நீரில் விளைந்தவை. இந்த மீட்சிக்கு விலையும் உண்டு. தோட்டங்களை மீண்டும் நட்டபோது, விளைவு மிக்க வகைகளையும் விலைபோகும் வகைகளையுமே பலரும் தேர்ந்தனர். முன்பு மூலைமுடுக்குகளில் வாழ்ந்த சிறுவகைகள் பல கைவிடப்பட்டன. அவற்றுள் ஒன்று போர்டோவின் 'கார்மனேர்'. பிந்திப் பழுப்பதும் குளிர்மிக்க ஆண்டிற் பூ உதிர்வதுமாகிய அக்கொடியை மீண்டும் நட அங்கே ஆளில்லை.

ஆனால் அக்கொடி அடியோடு மாயவில்லை. பூச்சி பரவுமுன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிலி தேசத்துச் செல்வர்கள் போர்டோவிலிருந்து கொடிகளைத் தருவித்திருந்தனர். ஒருபுறம் பசிபிக் கடலும், ஒருபுறம் அந்தீஸ் மலையும், வடக்கே பாலைவனமும் காவலாக நின்ற அந்நாட்டிற் பூச்சி புகவேயில்லை. அங்கே கொடிகள் தம் சொந்த வேரிலேயே நின்றன. மெர்லோ எனப் பெயரிட்டு அவர்கள் வளர்த்த கொடிகளிற் பாதி ஒருவாறும் பாதி வேறொருவாறும் பழுத்தன. எல்லாவற்றையும் ஒருநாளிற் பறித்தமையால், வைனிற் பழுக்காத மிளகாய் போன்ற பச்சைமணம் தட்டிற்று. 1994 நவம்பரில் அங்கு சென்ற பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் ஜான் மிஷெல் பூர்சிக்கோ, பூவின் கேசரங்கள் முறுக்கியிருந்தமையைக் கண்டு, மெர்லோ எனப்பட்டவற்றுட் பல போர்டோ கைவிட்ட கார்மனேரே எனக் கூறினார். இன்று அது சிலியின் தனிச்சிறப்பான செவ்வைனாக விளங்குகின்றது. பிந்திப் பறிக்கும் பொறுமை ஒன்றே அதற்கு வேண்டியிருந்தது.

தாயகத்திற் குறைந்து அயலிற் பெருகிய வகைகள் வேறும் உண்டு. பிரான்சின் கஓர் நகரத்தைச் சார்ந்த 'மல்பெக்' 1853இல் ஆர்ஜென்ரீனாவை அடைந்தது. தாயகத்தில் பிலொக்சீராவும், பின்னர் 1956 பெப்ரவரியின் கடும் உறைபனியும் அதனை வதைக்க, அந்தீஸ் மலையடியிலுள்ள மென்டோசாவிலே பனியுருகிப் பாயும் நீரால் அது செழித்தது. றோன் நதிக்கரையின் 'சிரா' 1832இல் ஜேம்ஸ் பஸ்பி சேர்த்த கொடித்தொகுதியோடு அவுஸ்திரேலியாவை அடைந்து 'ஷிராஸ்' எனப் பெயர் திரிந்தது. தென் அவுஸ்திரேலியாவிற் பூச்சி காணப்படாமையால், 1843இல் நட்ட கொடிகள் பறோசாப் பள்ளத்தாக்கில் இன்றும் காய்க்கின்றன. கலிபோர்னியா தனதென்று போற்றிய 'ஸின்பண்டெல்' எந்நாட்டது என்பது நெடுநாள் விளங்காத புதிராயிருந்தது. மரபணுச் சோதனையால், குரோவேசியக் கடற்கரையில் ஒரு சில கொடிகளாக எஞ்சியிருந்த பழைய வகையே அது என 2001இல் தெளிவாயிற்று.

கலிபோர்னியா மற்றுமொரு பாடத்தையும் புகட்டிற்று. அங்கே பெரும்பாலார் விரும்பி நட்ட ஓர் அடிக்கட்டை, அமெரிக்க இனத்தோடு ஐரோப்பிய இனத்தையும் கலந்து உண்டாக்கியது. விளைவு மிகுதியாகக் கிடைத்தமையால், ஐரோப்பாவில் அதனை நம்பாமல் விலக்கியமை கருதப்படவில்லை. 1980ஆம் ஆண்டுகளில் நாப்பாப் பள்ளத்தாக்கில் அவ்வேர்களைப் பூச்சி வென்றது. பல்லாயிரம் ஏக்கர் நிலத்திற் கொடிகளைப் பிடுங்கி மீண்டும் நட வேண்டியதாயிற்று. நூறாண்டுக்கு முன் கற்ற பாடத்தை மறந்ததற்கு மிகுந்த பொருள் இழப்பு நேர்ந்தது.

பிலொக்சீராவை அழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அது நிலத்துள்ளே இருக்கவே, அதனைத் தாங்கும் வேரில் நின்று கொடிகள் வாழ்கின்றன. ஆகையால் ஒரு வகையும் அழியாதிருத்தல் வேண்டுமென்ற கருத்தோடு, மொன்பெலியே விவசாயக் கல்லூரியில் 1876இல் தொடங்கிய கொடித்தொகுதி, 1949இல் மத்தியதரைக் கடலோரத்து வசாலிலுள்ள மணல்நிலத்துக்கு மாற்றப்பட்டது. பூச்சி அணுகாத அம்மணலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் பேணப்பட்டு வந்தன. இன்று எவரும் விரும்பாத கொடியும் அவற்றுள் உண்டு. நாளை வரும் நோய்க்கோ வெம்மைக்கோ ஈடுகொடுக்கும் குணம் எந்தக் கொடியில் உள்ளதென முன்கூட்டி அறிவார் யார்?

மொன்பெலியே நகரத்திற் பிளான்ஷோனுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்திலே, கமக்காரன் ஒருவன் அவருக்குப் பழக்குலையை ஏந்திக் காட்டுகின்றான். அக்குலை பிரெஞ்சு நாட்டுக் குலையே. அதனைத் தாங்கிய வேர் பிற நாட்டது. தம் மண்ணின் பெயரைத் தம் மதுவுக்குச் சூட்டிப் பெருமைகொண்ட ஒரு மக்கள், அயல் வேரை ஏற்றமையாலேயே அப்பெயரைக் காத்துக்கொண்டனர். நாட்டுக்கு நாடு வேறுபடும் முந்திரிகை வகைகளைப் பற்றிப் பேசுவோர் அவ்வேரையும் நினைத்தல் தகும்.